பேச்சியம்மாளின் ஓட்டுக்குக் காவல் இருந்த டீச்சர்

வெள்ளிக்கிழமை காலை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எண்ணெய்க் கையோடு எடுத்தேன். பேச்சியம்மாள் மகள் நந்தினி பேசினாள். எப்போதும் "அத்த, சாப்பிட்டீகளா?" என்று ஆரம்பிக்கிற பெண் அன்றைக்கு மூச்சு மட்டும்தான் விட்டாள். பிறகு, "டீச்சர் போயிட்டாக அத்த. வீட்டுல காப்பி குடுத்திருக்காக. டம்ளரக் கையில வாங்கிருக்காக. அம்புட்டுத்தேன்" என்றாள்.

விளக்கை ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். ஏற்றாமல் போயிருந்தால் லூர்து டீச்சரே திட்டியிருப்பார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். நான் வீரபாண்டி மாரியம்மனுக்குச் செவ்வாய் தவறாமல் விரதம் இருக்கிறவள். ஆனாலும் என் வீட்டு விளக்கு நேரம் அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாசலுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நான் கும்பிட்டு முடிக்கும்வரை பேசாமல் நிற்பார். முடித்ததும், "என்ன, ஆத்தாகிட்ட என்னையும் சொல்லி வச்சியா?" என்று கேட்பார். சொல்லி வைத்தேன் என்பேன். அது பொய்யில்லை.

நம் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கன்வாடியில் அவர் கையால் முட்டை தின்று வளர்ந்தவர்கள். அதைப் பற்றி அவர் நினைவாக எழுத உங்களில் பலர் இருக்கிறீர்கள். நான் எழுத வந்தது அவருடைய இன்னொரு வேலையைப் பற்றி. வாக்காளர் பட்டியலில் எங்கள் பாகத்துக்கு அவர்தான் அலுவலர். யார் இருக்கிறார்கள், யார் காலமானார்கள், யார் கட்டிக்கொடுத்து வெளியூர் போனார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். கண்ணில் புரை விழுந்த பிறகு பட்டியலின் பொடி எழுத்து அவருக்குத் தெரியவில்லை. "நீ வீட்டு வரவு செலவ முத்து முத்தா எழுதுறவ. வா, எனக்குக் கண்ணா வா" என்று என்னைக் கூப்பிட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மற்றதெல்லாம் மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த தாளிலும், கோயில் புத்தகத்திலும் நானாகப் படித்துக்கொண்டது. சர்க்கார் காகிதத்தை வாசித்துச் சொல்ல என்னை ஒருவர் அழைத்தது அதுதான் முதல் முறை.

எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். "கணக்குப்பிள்ளையம்மா இனி ஊர்க் கணக்கையும் எடுத்துக்கிட்டாகளோ?"

"உங்க கணக்கு சரியா இருக்கப்போயித்தேன் ஊர்க் கணக்குக்குக் கூப்பிடுறாக" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்க மாட்டார். "அதுக்கு ஊரே ரேஷன் கார்டப் பாத்துத்தேன் பதில் சொல்லும் மீனா" என்பார். அவர் நேராக அடுப்படிப் பக்கம் போய், "ஏத்தா, சோறு எத்தன பேருக்கு வடிக்கிற?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு யாருக்கும் பொய் சொல்ல வராது. கை தானாக அரிசி அளந்துவிடும். ஒரு வீட்டில், "அஞ்சு பேருக்கு... இல்ல டீச்சர், நாலு. பெரியவன் திருப்பூருக்குக் குடும்பத்தோட போயிட்டான். கை மறக்க மாட்டேங்குது" என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பேனாவை எடுத்தேன். டீச்சர் என் கையைப் பிடித்தார். "இரு. அவன் பொங்கலுக்கு வரட்டும். அவன்கிட்டயே கேட்டுக்குவோம். அதுவரைக்கும் பேரு கிடக்கட்டும்."

பேர் கிடக்கட்டும். அந்த வார்த்தையை அவரோடு பட்டியல் எடுத்துச் சுற்றிய எல்லாரும் கேட்டிருப்பீர்கள். "அடிக்கிறது ஒரு கோடு. திரும்ப எழுத வைக்க ஒரு சனம் எத்தன ஆபீசு ஏறணும்?" என்பார்.

அப்படிப்பட்டவர் பேச்சியம்மாள் வீட்டில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் வந்துவிட்டார்.

பேச்சியம்மாளை உங்களுக்குத் தெரியும். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டப் போகிறவள். அவளும் அவள் வீட்டுக்காரர் தவசியும் ஊருக்குக் கீழே ஒரு துண்டு வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். பக்கத்து வயல் ராசாங்கத்தினுடையது. தண்ணீர் முறையில் தகராறு. பேச்சியம்மாள் முறை வந்த அன்று மடை அடைத்திருந்தது. தவசி போய்த் திறந்தார். ராசாங்கம் அடித்ததில் தவசியின் கை முறிந்தது. பேச்சியம்மாள் மண்வெட்டியைத் திருப்பிக் காம்பால் அடித்ததில் ராசாங்கத்தின் மண்டை உடைந்தது. இரண்டு பக்கமும் கேஸ். ராசாங்கம் கட்டுப் பிரிக்கும் முன்பே ஜாமீன் வாங்கிவிட்டார். பேச்சியம்மாளைப் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவளுக்கும் பிறகு ஜாமீன் கிடைத்தது. ஆனால் சொந்த வீட்டு வரி ரசீதோடு இரண்டு பேர் வந்து அவளுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். ராசாங்கத்தைப் பகைத்துக்கொண்டு யார் போவார்கள்? உத்தரவு இருந்தும் அவள் உள்ளேயே இருந்தாள்.

நானும் டீச்சரும் பட்டியலோடு போனபோது தவசி வாசலிலேயே எங்களை மறித்துக்கொண்டு நின்றார். கையில் கட்டு இருந்தது.

"பேச்சி எங்க தவசி?" என்றார் டீச்சர்.

"ஏலக்காட்டுக்குப் போயிட்டா டீச்சர். இனி அங்கனதேன்."

கம்பத்திலிருந்து விடியற்காலையில் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஏறிப் போகிற பெண்கள் எத்தனையோ பேர். சிலர் மாதக்கணக்கில் அங்கேயே தோட்டத்து லயத்து வீடுகளில் தங்கிவிடுவார்கள். அதனால் எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டால், ஏலக்காட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்வார்கள். கேட்கிறவர் அதற்கு மேல் கேட்கக் கூடாது. பேச்சியம்மாள் எங்கே என்று தெருவுக்கே தெரியும். தெருவே அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு தலையாட்டியது. அது மரியாதை.

டீச்சரும் தலையாட்டினார். தவசியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்படிப் பக்கம் போகாமலே திரும்பினார். "அவரு சொன்னபடியே எழுது மீனா" என்றார். நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர் என்ற இடத்தில் குறித்தோம். அந்த மனிதரைக் கூச வைக்கக் கூடாது என்ற ஒரே நினைப்புதான் டீச்சருக்கு.

வரைவுப் பட்டியல் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டப்பட்ட பிறகு நந்தினி அங்கன்வாடிக்கு வந்தாள். அப்போது அவள் கல்லூரி முடித்த நேரம். டீச்சர் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தார். நானும் உரித்தேன்.

"டீச்சர், அம்மாவப் பாக்கப் போயிருந்தேன். எலெக்சன் வருதாமே, பட்டியல்ல எம்பேரு இருக்கான்னு பாத்துட்டு வான்னுச்சு. பாத்தேன். அப்பா இருக்கு, நான் இருக்கேன். அம்மா இல்ல."

டீச்சர் கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தார். அவளிடம் கேட்டார். "அன்னைக்கு ஒங்கிட்டக் கேக்காம விட்டுட்டேன் தாயி. இப்பக் கேக்குறேன். சோறு எத்தன பேருக்கு வடிக்கிற?"

நந்தினி குனிந்துகொண்டாள். "மூணு பேருக்கு. அம்மா பங்குக்குத் தண்ணி ஊத்தி வச்சிருவேன். காலையில அப்பா வயலுக்குக் கொண்டுபோகும்."

"பாத்தியா மீனா" என்றார் டீச்சர். ஒரு பிள்ளை முட்டை கேட்டு அழுதது.

மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி விவரமாகப் பேசினார். சிறையில் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது, அது சட்டம். ஆனால் சிறையில் இருக்கிறார் என்பதற்காகப் பட்டியலில் இருந்து பெயரை எடுக்க வேண்டியதில்லை. குடிபெயர்ந்தார் என்று வந்ததால்தான் எடுத்தோம். வீட்டு ஆள் ஒருவர் விசாரணை நாளில் வந்து, அவர் வீடு இதுதான், இப்போது இன்ன இடத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டால் பெயர் திரும்பிவிடும். ஜாமீனில் வெளியே இருப்பவர்களுக்கு ஓட்டு உண்டு என்றும் சொன்னார். விசாரணையே இல்லாமல் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்களுக்குக்கூடத் தபால் ஓட்டு உண்டாம்.

"அப்ப குண்டர் சட்டத்துல உள்ள போனவனுக்கு உண்டு, மடைச் சண்டைக்குப் போனவளுக்கு இல்லையா சார்?" என்றார் டீச்சர்.

"சட்டம் அப்படி இருக்கும்மா" என்று அவர் சங்கடத்தோடு சிரித்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "பேரு இருக்கட்டும் டீச்சர். ஆனா உள்ள இருக்கவுகளுக்கு ஓட்டு எதுக்கு? தப்புப் பண்ணித்தானே உள்ள இருக்காக?"

"பேச்சி தப்புப் பண்ணான்னு எந்தக் கோர்ட்டு சொல்லுச்சு?"

"கேஸ் இருக்குல்ல."

"ராசாங்கத்து மேலயும் இருக்கு. அவரு சட்டை மடிச்சுவிட்டுக்கிட்டு வந்து போடுவாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறது தப்பு இல்ல மீனா, ரெண்டு வரி ரசீது."

நான் விடவில்லை. "சரி, கோர்ட்டே தப்புன்னு சொல்லிட்டா?"

"அப்பவும் போடட்டும்பேன். வெளிய நடமாடாதன்னு தண்டன. நீ இந்த ஊருக்காரியே இல்லங்கறது தண்டன இல்ல. ஏன், உங்க கிருஷ்ணன் பொறந்த எடம் எது?"

"சிறை."

"எங்காளு ஏசுவும் ஒரு ராத்திரி காவல்ல கிடந்தாரு. அதுக்காகச் சாமி கணக்குல இருந்து அவுகள எடுத்துட்டமா?"

"சாமிய விடுங்க. பச்சப் புள்ளையக் கெடுத்தவன் உள்ள இருக்கான். அவனுக்குமா?"

பஸ் சின்னமனூரை நெருங்கியது. சன்னல் பக்கம் வாழைத்தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் சொன்னார். "அதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல. எனக்கும் வயிறு எரியத்தேன் செய்யுது. ஆனா எங்கிட்டப் பதில் இல்லங்கறதுக்காகப் பேச்சியையும் சேத்து வச்சுப் பூட்டணுமா?"

அவர் இருந்தவரை நாங்கள் அந்த இடத்தில் வந்து வந்து நின்றோம்.

பேச்சியம்மாளைப் பார்க்க நந்தினியோடு நாங்களும் ஒரு முறை போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள். பத்துக் குடும்பம் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிற இடம். டீச்சர் கத்தினார். "பேச்சி, பேரு போனதுக்கு நாந்தேன் காரணம். எழுதிக் குடுத்தது நானு."

பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போலீசு எழுதுனத விடவா டீச்சர்?"

"ஓட்டுத்தேன் இப்பப் போட முடியாதே, பேரு மேல ஏன் இம்புட்டு ஆசை ஒனக்கு?" என்று நான் கேட்டேன்.

அவள் வலையில் விரலைக் கோத்துக்கொண்டு சொன்னாள். "அக்கா, மடையில எனக்கு முறை இல்லன்னாக. ரேசன் கடையில பின்னால போன்னுவாக. ஆசுபத்திரியில தெரிஞ்ச ஆளு வந்தா என்னைய எந்திரிக்கச் சொல்லுவாக. அந்த ஒரு வரிசையிலதேன், நான் முன்னால போயி நின்னா ராசாங்கம் எனக்குப் பின்னால நிக்கணும். அன்னைக்கு மட்டும் முறைன்னா முறை. அதையும் எடுத்துட்டா நான் வெளிய வந்து எங்கன நிக்கிறது?"

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் பெண் வந்து சொன்னாள். டீச்சர் வலைக்கு வெளியே இருந்து அந்த விரல்களை ஒரு தட்டுத் தட்டினார்.

ஆனால் தவசி ஒத்துக்கொள்ளவில்லை. அதையும் நான் எழுத வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. நந்தினிக்குக் கடமலைக்குண்டில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் வீட்டிலும் ஏலக்காடு என்றுதான் சொல்லியிருந்தார்கள். விசாரணை பள்ளிக்கூடத்தில் பத்துப் பேர் நடுவில் நடக்கும். அங்கே வாயைத் திறந்தால் சொல் மலை தாண்டிப் போகும்.

"ஒரு ஓட்டுக்காக எம்புள்ள வாழ்க்கையக் கெடுக்கச் சொல்றீகளா டீச்சர்? அதுவும் போட முடியாத ஓட்டு!" என்று தவசி கேட்டார். கேட்டுவிட்டு அழுதார்.

டீச்சர் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. "நீங்க சொன்னதுக்கு நீங்க பொறுப்பு, தவசி. அத மாத்தச் சொல்ல நான் ஆளில்ல. ஆனா விசாரிக்காம எழுதுனது நானு. நான் விசாரிக்கலைன்னு மட்டும் எழுதிக் குடுப்பேன். ஜெயிலுங்கற வார்த்த என் வாயில இருந்து வராது" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வழியில் என்னிடம், "அது பத்தாது மீனா. பத்தாதுன்னு எனக்கே தெரியும்" என்றார்.

விசாரணை அன்று டீச்சர் தன் தாளை நீட்டினார். அதிகாரி வாசித்துவிட்டு, "இப்ப அந்தம்மா எங்க இருக்காங்கன்னு தெரியணுமே. வீட்டு ஆள் யாராவது வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். தவசி பின் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்திலிருந்து நந்தினி எழுந்தாள்.

"எங்கம்மா ஏலக்காட்டுல இல்ல சார். ஜெயிலுல இருக்காக. வீடு இதுதேன். நான் மூணு பேருக்குத்தேன் சோறு வடிக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பெஞ்சில் இருந்த பத்துப் பேரும் இந்த விஷயம் தெரிந்தவர்கள்தான். இருந்தும் அந்தச் சொல்லைச் சத்தமாகக் கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். பேச்சியம்மாளின் பெயர் பட்டியலுக்குத் திரும்பியது.

சம்பந்தம் நின்றுபோனது. கடமலைக்குண்டுக்காரர்கள் சண்டை போடவில்லை. ஜாதகம் சரியில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். டீச்சரால் அதைத் தாங்க முடியவில்லை. நந்தினி வீட்டு வாசலில் போய் நின்று, "நாந்தேன் கெடுத்தேன் தாயி" என்றார். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "போறவுக போகட்டும் டீச்சர். பேரு கிடக்குல்ல?" என்று இவர் வார்த்தையையே இவரிடம் திருப்பிக் கொடுத்தாள். டீச்சர் அன்று அழுததை நான் பார்த்தேன். கெடுத்தாரா, நல்லது செய்தாரா என்று நான் பல நாள் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் சரியாக வரவில்லை. நந்தினி இப்போது தேனியில் ஒரு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளைக் கேட்டால் சிரிக்கிறாள்.

பிறகு ஓட்டுப்பதிவு நாள் வந்தது. பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் டீச்சருக்கு மேசை. பூதக்கண்ணாடி வைத்துப் பட்டியலில் இடம் பார்த்துச் சொல்வதுதான் வேலை. அன்று அவர் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. நான் தூக்குவாளியில் தயிர்சாதம் கொண்டுபோனேன். "கொஞ்சம் வீட்டுல போயிக் கண்ணச் சாத்திட்டு வாங்களேன்" என்றேன்.

"நான் எந்திரிச்சா எவளாவது பேச்சின்னு சொல்லிக்கிட்டு உள்ள போயிருவா. அவ ஓட்ட அவ போட முடியாது, சரி. இன்னொருத்தர் போட்டுறக் கூடாது. அது சும்மாவே கிடக்கட்டும்."

ஒருவர் போட முடியாத ஓட்டுக்கு இன்னொருவர் காவல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மதியத்துக்கு மேல் ராசாங்கம் வெள்ளை வேட்டியில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, மை விரலோடு மேசைக்கு முன்னால் நின்றார். "என்ன டீச்சர், ஜெயிலுக்கும் மிஷின் அனுப்பச் சொல்றீகளாமே?"

"சொல்லிக்கிட்டுத்தேன் இருக்கேன். மலை மேல இருக்கிற கொஞ்ச வீட்டுக்குக் குதிரையில ஏத்தி அனுப்புறாக. ஜெயிலு தார் ரோட்டு மேலயே இருக்கு. குதிரைச் செலவுகூடக் கிடையாது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராசாங்கம் விடவில்லை. "கேப்பீக. நாளைக்கு அவளே எலெக்சன்ல நிக்கிறேம்பா."

"நிக்கலாமே. உள்ள இருந்துக்கிட்டே நிக்கச் சட்டம் விடுது. ஓட்டுப் போடத்தேன் விடல."

"அப்ப பேச்சியக்காவ நிப்பாட்டிருவோமா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல். "நிப்பாட்டினா மடை தெறக்கும்டி!" என்று இன்னொரு குரல். ராசாங்கமே சிரித்துவிட்டார். சிரிக்காமல் போக வழியில்லை.

சாயங்காலம் பதிவு முடிந்து வெளியே வந்த ஏஜென்ட் பையனை டீச்சர் நிறுத்தினார். "பேச்சியம்மாள்னு ஒரு பேரு. ஓட்டுப் போட்டதாக் கோடு போட்டியா?" அவன் தன் தாளைப் பார்த்தான். "இல்ல டீச்சர். வரல." டீச்சர் கழுத்துச் சிலுவையைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் தயிர்சாதத்தைத் திறந்தார்.

நந்தினி வாயைத் திறந்ததில் ஒன்று நடந்தது. அதுவரை ஜாமீனுக்கு ஆள் கேட்டுத் தவசியால் எவர் வீட்டு வாசலிலும் ஏற முடியவில்லை. ஏலக்காட்டில் இருப்பவளுக்கு எதற்கு ஜாமீன்? இப்போது கேட்க முடிந்தது. முதல் கையெழுத்தைத் தன் வீட்டு ரசீதோடு டீச்சர் போட்டார். இரண்டாவதற்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்காரர் ராசாங்கத்தோடு சேர்ந்து திராட்சை ஏற்றுகிறவர். மோட்டுவளையைப் பார்த்தார்.

"ராசாங்கம் பேச மாட்டாரு" என்றார்.

"பேசலைன்னா என்ன? ஏலக்காட்டுக்குப் போயிட்டாருன்னு நெனச்சுக்க தம்பி" என்றார் டீச்சர்.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் ரசீதை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் போய்ப் பஸ்ஸில் ஏறினார்.

பேச்சியம்மாள் வெளியே வந்தாள். கேஸ் இன்னும் முடியவில்லை. அடுத்து வந்த தேர்தலில் அவள் இருட்டு விலகும் முன்பே தலைக்கு ஊற்றிக்கொண்டு, நந்தினியின் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். ராசாங்கம் வந்தார். அவளுக்குப் பின்னால் வேறு சிலர், அவர்களுக்கும் பின்னால் அவர் நின்றார். யாரும் யாரையும் பின்னால் போகச் சொல்லவில்லை. நான் அவளுக்கு அடுத்து நின்றேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்திருந்தது.

டீச்சர் அப்போது நெஞ்சு வலி வந்து படுக்கையில். பேச்சியம்மாள் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே வந்து விரலை நீட்டினாள். டீச்சர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "மை நல்லா இருக்கு. யாருக்குப் போட்ட?"

"அத ஒங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றாள் பேச்சியம்மாள்.

"அப்படிச் சொல்லு!" என்று டீச்சர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நான் ஓடிப்போய் வெந்நீர் வைத்தேன்.

அடக்கத்துக்கு ராசாங்கமும் மாலையோடு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் நகர்ந்து அவருக்கு வழி விட்டாள்.

போன வாரம் பட்டியல் எடுக்கப் புது டீச்சர் வந்தார். வெளியூர்க்காரர், தெரு தெரியாது. கூட வரச் சொன்னார், போனேன். முதல் வீடே லூர்து டீச்சர் வீடு. அவர் பெயரை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். காலமாகிவிட்டார், எடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். உண்மையைத்தான் எழுத வேண்டும், அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். கோடு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் எத்தனையோ கணக்கில் எத்தனையோ வரியை அடித்திருக்கிறேன். இதற்கு மட்டும் கண் கலங்கியது.

கடைசித் தெருவில் ஒரு வீடு. வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். அவள் வீட்டுக்காரர் பெயரை வாசித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவுக ஏலக்காட்டுக்குப் போயிட்டாக. இனி அங்கனதேன்" என்றாள். புது டீச்சர் தலையாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

நான் பேனாவின் மேல் கையை வைத்தேன். லூர்து டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். அதை எடுத்து வைத்துக் கேட்டேன்.

"ஏத்தா, சோறு எத்தன பேருக்கு வடிக்கிற?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "அவுகளுக்கும் சேத்துத்தேன்" என்றாள்.

"பேரு கிடக்கட்டும் டீச்சர்" என்றேன்.